பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?

காரைக்கால் சின்ன மாவட்டம். பரப்பு சுமார் 160 சதுர கிலோ மீட்டர்தான். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி 2 லட்சம் பேர் வசிக்கிறார்கள்.

கிழக்கே கடல். மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. வடக்கே பூவத்தைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் அடுத்த ஊர் நாகூர்.

இந்தச் சின்ன இடத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சம் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளிகள் உண்டு. தனியார் பள்ளிகள் உண்டு. கேந்திரிய வித்யாலயா உண்டு. நவோதயா பள்ளியும் உண்டு.

ஆனாலும், பொழுது விடிந்ததும் வேன்கள் எல்லை தாண்டி ஓடுகின்றன. காரைக்கால் பிள்ளைகள் நாகப்பட்டினத்துக்குப் படிக்கப் போகிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் காரைக்காலுக்கு வருகிறார்கள். இரண்டு வேன்களும் வழியில் ஒன்றை ஒன்று கடந்து போவதும் உண்டு!

குழந்தை 5-ம் வகுப்பை முடிக்கும்போது வீட்டில் பேச்சு தொடங்கிவிடுகிறது. "உள்ளூர்ப் பள்ளியே போதும்" என்கிறார் தாயார். "பிள்ளை முன்னுக்கு வர வேண்டாமா? தூரத்தைப் பார்த்தால் முடியுமா?" என்கிறார் தகப்பனார்.

தூரத்தைப் பார்க்கத்தான் வேண்டும்.

வண்டியில் கழியும் நேரம்

பள்ளிக் கட்டணம் எவ்வளவு, வேன் கட்டணம் எவ்வளவு என்று பைசா பாக்கி இல்லாமல் கணக்குப் பார்க்கிறார்கள். நேரத்துக்கு மட்டும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பணத்தைக் கொடுப்பது தகப்பனார். நேரத்தைக் கொடுப்பது குழந்தை. அதனால்தானோ என்னவோ, அந்தக் கணக்கு விட்டுப்போகிறது.

நெடுங்காட்டில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து காரைக்கால் சுமார் 10 கிலோ மீட்டர். காரைக்காலில் இருந்து நாகப்பட்டினம் சுமார் 20 கிலோ மீட்டர். தகப்பனார் மோட்டார் சைக்கிளில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவார். ஆகவே, "பக்கம்தானே" என்று அவருக்குத் தோன்றுகிறது.

ஆனால், பள்ளி வேன் நேராகப் போவது இல்லை. தெருத் தெருவாக நின்று, ஊர் ஊராகச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. முதலில் ஏறும் குழந்தை கடைசியில் இறங்குகிறது. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஆக, ஒரு நாளைக்கு 3 மணி நேரம்.

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கு வருஷத்தில் 220 நாள் பள்ளி நடக்க வேண்டும். பாடம் நடக்கும் நேரம் 1,000 மணி இருக்க வேண்டும்.

220 நாளுக்கு, தினம் 3 மணி வீதம் 660 மணி. பாடம் கேட்பது 1,000 மணி. வண்டியில் உட்கார்ந்திருப்பது 660 மணி!

6-ம் வகுப்பில் இருந்து 12-ம் வகுப்பு வரை 7 வருஷம் இப்படியே போனால், 4,620 மணி ஆகிறது. இரவும் பகலும் சேர்த்துக் கணக்கிட்டால் 192 நாட்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு பிள்ளை வேனிலேயே குடியிருந்த கணக்கு.

தூக்கம் எங்கே?

அமெரிக்காவில் தூக்கத்தைப் பற்றி ஆராயும் டாக்டர்களின் சங்கம் 2016-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 6 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகள் தினம் 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அது கூறியது.

வேன் ஆறரை மணிக்கு வந்தால், குழந்தை ஐந்தரைக்காவது எழுந்திருக்க வேண்டும். 9 மணி நேரத் தூக்கம் வேண்டுமானால், இரவு எட்டரைக்குப் படுத்துவிட வேண்டும். மாலை வீட்டுக்கு வரும்போதோ மணி ஆறு. மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். அதற்குள் குளியல், சாப்பாடு, வீட்டுப்பாடம், டியூஷன் எல்லாம் நடக்க வேண்டும்.

விளையாட்டு எப்போது? தம்பி தங்கையோடு சண்டை போடுவது எப்போது? பாட்டியிடம் கதை கேட்பது எப்போது? எட்டரைக்கு எந்த வீட்டில் விளக்கை அணைக்கிறார்கள்? ஆகவே தூக்கம்தான் குறைகிறது. காலையில் தோசையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடும் பிள்ளை, முதல் பாடத்திலேயே கொட்டாவி விடுகிறது. "கவனம் இல்லை" என்று வாத்தியார் எழுதி அனுப்புகிறார்.

ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் குளம்

காவிரிக் கடைமடைச் சாலைகள் எப்படிப்பட்டவை என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. சாலை குறுகல். ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் குளம்.

2009 டிசம்பர் 3-ந் தேதி, நாகை மாவட்டம் வேதாரண்யம் அருகே ஒரு பள்ளி வேன் குளத்தில் கவிழ்ந்தது. 9 குழந்தைகள் இறந்தார்கள். வேனில் இருந்த ஆசிரியை சுகந்தி, குழந்தைகளைக் காப்பாற்றிக் கரை சேர்த்து, தாமும் உயிர் இழந்தார். அந்தச் செய்தியை இந்தச் சீமையில் மறந்தவர்கள் இல்லை.

2012 ஜூலையில் சென்னை தாம்பரத்தில், பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வண்டிகளுக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2025 ஜூலை 8-ந் தேதி கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், ரயில் கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதியது. 3 மாணவர்கள் பலியானார்கள்.

பயமுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. பள்ளியின் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கிற பெற்றோர், வண்டியையும் சுற்றிப் பார்க்க வேண்டும். அது பள்ளியின் வண்டியா, வாடகை வேனா? எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள்? கதவைத் திறந்து மூட உதவி ஆள் உண்டா? வழியில் ரயில் கேட் இருக்கிறதா? இவற்றைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

எல்லை தாண்டினால் புத்தகம் வேறு

காரைக்காலுக்கு என்று ஒரு விசேஷம் இருக்கிறது. இங்கே 15 கிலோ மீட்டர் போனால், தூரம் மட்டுமா மாறுகிறது? அரசாங்கமே மாறிவிடுகிறது.

1954 நவம்பர் 1-ந் தேதி வரை இது பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர். எல்லையில் சுங்கச் சாவடி இருந்த காலம் அது. பிறகு புதுச்சேரியோடு சேர்ந்து இந்தியாவின் பகுதி ஆனது. அதன் பின்னர் புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்களையே படித்து வந்தன. காரைக்கால் பிள்ளைக்கும் நாகை பிள்ளைக்கும் ஒரே புத்தகம், ஒரே பரீட்சை. எந்தப் பக்கம் மாறினாலும் கஷ்டம் இல்லை.

இப்போது நிலைமை வேறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்திய அரசின் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. 2025-ல் அந்த மாணவர்கள் முதல் தடவையாக சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வு எழுதினார்கள். பழைய எல்லைச் சாவடி, பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது!

6-ம் வகுப்பில் நாகைக்கு அனுப்பிவிட்டு, "பிரயாணம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று 9-ம் வகுப்பில் திரும்ப அழைத்து வந்தால், பிள்ளை புதுப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். பள்ளி தொடங்கும் மாதமும் வேறு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஏப்ரலில் வகுப்பு தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஜூனில் தொடங்குகிறது. அக்காள் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் படிக்கும் வீட்டில், லீவுக்கு ஊருக்குப் போவதுகூடப் பெரிய பஞ்சாயத்துதான்.

மழைக் காலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை வந்தால், அந்தந்த மாவட்டத்துக்குத் தனித் தனியாக லீவு விடுகிறார்கள். காரைக்காலுக்கு லீவு அறிவித்து, நாகைக்கு அறிவிக்காவிட்டால், கொட்டுகிற மழையில் பிள்ளை வேனுக்குக் காத்து நிற்க வேண்டும். காரைக்காலில் மாங்கனித் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டால், நாகைப் பள்ளிக்கு அது பொருந்தாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. மருத்துவக் கல்லூரி இடங்களில், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2020-ல் இருந்து 7.5 சதவீதம். புதுச்சேரியில் 2023-ல் இருந்து 10 சதவீதம். தமிழ்நாட்டில் அந்தச் சலுகை பெற, 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். காரைக்கால் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினால் இந்த உரிமை என்ன ஆகும் என்பதைக் கல்வி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. 12-ம் வகுப்பு முடிந்த பிறகு கேட்டுப் பயன் இல்லை.

பஸ் பாஸும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அரசு பஸ்ஸில் இலவசப் பயணம் உண்டு. புதுச்சேரி அரசு ஒரு ரூபாய் கட்டணத்தில் மாணவர் பஸ் விட்டது. ஒரு பக்கத்துச் சலுகை மறு பக்கத்தில் செல்லுமா என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தூரம் எப்போது தகும்?

அப்படியானால் தூரத்துப் பள்ளியே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 8-ம் வகுப்பு வரை 3 கிலோ மீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி. மேலே படிக்கும்போது தூரம் கூடத்தான் செய்யும். உயர்நிலைப் பள்ளி 5 கிலோ மீட்டருக்குள், மேல்நிலைப் பள்ளி 7 முதல் 10 கிலோ மீட்டருக்குள் என்றுதான் மத்திய அரசின் 2009-ம் ஆண்டுத் திட்டமே சொன்னது.

11-ம் வகுப்பில் பிள்ளை விரும்பும் பாடப் பிரிவு பக்கத்தில் இல்லை என்றால், போகத்தான் வேண்டும். 16 வயதுப் பிள்ளை பஸ்ஸில் தானாக ஏறி இறங்கும். அலுப்பையும் தாங்கும். இரண்டு வருஷம்தான். பத்து வயதுக் குழந்தையை ஏழு வருஷத்துக்கு அனுப்புவதும் இதுவும் ஒன்றாகுமா? 6-ம் வகுப்புக்கே எல்லை தாண்டுவது அவசரம். பல வீடுகளில், பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதைத் தவிர வேறு காரணமும் இருப்பதில்லை.

பெண் குழந்தைகள் விஷயத்தில் மட்டும் இந்தப் பேச்சைக் கவனமாகப் பேச வேண்டும். "தூரம்" என்ற ஒரே சொல்லால் படிப்பை நிறுத்தப்பட்ட பெண்கள் கோடிக் கணக்கில் இருக்கிறார்கள். பீகார் அரசு 2006-ல் 9-ம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அதனால் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேருவது சுமார் 30 சதவீதம் கூடியது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். 3 கிலோ மீட்டருக்கு மேல் நடக்க வேண்டிய கிராமங்களில்தான் பலன் அதிகம். பக்கத்தில் பள்ளி இல்லாத பெண்ணுக்குப் பஸ் ஒரு வரம். தூரத்தைக் காட்டி மகனுக்கு வேனும் மகளுக்கு வீடும் என்று தீர்ப்புச் சொல்பவர்களுக்கு இந்தக் கட்டுரை சாட்சி சொல்லாது.

பிரயாணமே வேண்டாத பள்ளியும் காரைக்காலில் உண்டு. அதுதான் நவோதயா. 6-ம் வகுப்பில் இருந்து அங்கேயே தங்கிப் படிக்கலாம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். மாவட்டத்துக்கு உள்ளேயே 5-ம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள்தான் நுழைவுத் தேர்வு எழுத முடியும். முக்கால் பங்கு இடம் கிராமப் பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டில் ஒரு நவோதயா பள்ளியும் இயங்கவில்லை. பக்கத்து நாகைக் குழந்தைக்கு இல்லாத இந்த வாய்ப்பு, காரைக்கால் குழந்தைக்கு வீட்டு வாசலில் இருக்கிறது. ஆனால், பத்து வயதில் தாயைப் பிரிந்து இருக்க எல்லாக் குழந்தைகளாலும் முடியாது. அது பெற்றவளுக்குத்தான் தெரியும்.

வேனில்தான் அனுப்புவது என்று வீட்டில் முடிவாகிவிட்டால், பணம் கட்டுவதற்கு முன்னால் தகப்பனார் ஒரு காரியம் செய்யலாம். ஒரு திங்கட்கிழமை காலையில், வேன் புறப்படும் அதே நேரத்துக்குக் கிளம்பி, அதே வழியில், அது நிற்கும் இடங்களில் எல்லாம் நின்று, பள்ளி வாசல் வரை போய்ப் பார்க்கலாம். மாலையிலும் அப்படியே திரும்பி வரலாம்.

அந்த வேனில் மூன்று நான்கு வருஷமாகப் போய்வரும் பிள்ளை யாராவது தெருவில் இருக்கும். காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.