செவ்வாய்க்கிழமை டிக்கெட்டும் எங்க பாட்டியின் கால் வலியும்

எங்க வீட்ல எழுதப்படாத சட்டம் ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எதுவா இருந்தாலும் அது என் வேலை. கரண்ட் பில் கட்டணுமா, நான். தம்பிக்கு ஸ்கூல் ஃபார்ம் நிரப்பணுமா, நான். அதனால போன வருஷம் அப்பா "மே மாசம் அந்தமான் போலாம், நெட்ல பாத்து சீப்பா டிக்கெட் போடுடா"ன்னு சொன்னப்போ அதுவும் என் தலையில விழுந்தது.

நாங்க அஞ்சு பேர். அப்பா, அம்மா, பாட்டி, பத்து வயசு தம்பி, நான். ஊர் வேலூர். அந்தமானுக்குக் கப்பல்ல போகலாம், இல்லைன்னா விமானத்துல போகலாம், வேற வழி கிடையாது. சென்னையிலேர்ந்து கப்பல் போய்ச் சேர சுமார் மூணு நாள் ஆகும். அப்பாவுக்குக் கிடைச்ச லீவே மொத்தம் ஆறு நாள். ஆக விமானம்தான்.

பிப்ரவரியிலேயே தேட ஆரம்பிச்சேன். அன்னைக்கு ஸ்க்ரீன்ல இருந்த விலை எங்க பட்ஜெட்டுக்கு ஓரளவு ஒத்து வந்தது. அப்பவே போட்டிருக்கணும். ஆனா நான் படிச்ச புள்ளை ஆச்சே! "மலிவு விலையில் விமான டிக்கெட் வாங்க 10 ரகசியங்கள்" மாதிரி கட்டுரைகளை வரிசையா படிச்சேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திரு, இன்காக்னிட்டோ விண்டோவுல தேடு, கடைசி நேரத்துல விலை சரியும்னு எல்லாம் போட்டிருந்தது. எல்லாத்தையும் செஞ்சேன். எத்தனையோ செவ்வாய்க்கிழமை வந்துச்சு, போச்சு. ஏப்ரல்ல பாக்குறப்போ, அஞ்சு பேருக்குன்னு எடுத்து வச்ச காசுல நாலு பேர்தான் போக முடியும்னு ஆயிடுச்சு.

அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது பாட்டி சொன்னாங்க: "எனக்கு ரெண்டு நாளா கால் வலி. நீங்க போயிட்டு வாங்க."

தினமும் சாயங்காலம் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போயிட்டு வர்றவங்க அவங்க. கால் வலி எதுவும் இல்லைன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். யாரும் எதுவும் பேசலை. நாலு டிக்கெட் போட்டேன்.

அந்தக் கோபத்துலதான் இந்தப் பதிவு. கோபம் முதல்ல என் மேல. அடுத்தது அந்த ரகசியங்களை எழுதுறவங்க மேல.

ஆம்னி பஸ்ஸுக்கு இன்காக்னிட்டோ இருக்கா?

தீபாவளிக்கு முந்தின நாள் கிளாம்பாக்கத்துலேர்ந்து மதுரைக்கு ஆம்னி பஸ் டிக்கெட் ஏன் மூணு மடங்கு ஆகுதுன்னு நம்ம ஊர்ல சின்னப் பையனுக்குக் கூட தெரியும். எல்லாருக்கும் அன்னைக்கே போகணும், சீட் கொஞ்சம்தான், ஏத்துறான். அதுக்கு யாராவது "செவ்வாய்க்கிழமை புக் பண்ணு, குக்கியை அழி"ன்னு சொன்னா சிரிச்சிட மாட்டோம்? ஆனா அதையே விமானத்துக்குச் சொன்னா தலையாட்டிட்டு நம்புறோம்.

விமானத்துலயும் நடக்குறது அதேதான், கொஞ்சம் நுணுக்கமா. ஒரு விமானத்துல 180 சீட் இருந்தா, அதுக்கு 180 சீட்டுக்கும் ஒரே விலை கிடையாது. விலையை அடுக்கடுக்கா பிரிச்சு வச்சிருப்பாங்க. கீழ் அடுக்குல சில சீட், அதுக்கு மேல சில சீட், இப்படியே. கீழ் அடுக்கு தீர்ந்தா அடுத்த அடுக்கு விலை தெரியும். நீங்க காலையில பாத்தப்போ ஒரு விலை, மத்தியானம் ஒரு விலைன்னா, உங்க கம்ப்யூட்டரை யாரோ வேவு பாத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்லை. நடுவுல வேற ஒரு குடும்பம் வாங்கிட்டுப் போயிடுச்சு, இல்லைன்னா அந்த நிறுவனமே அடுக்கை மாத்தி வச்சிருச்சு, அவ்வளவுதான்.

இந்த வித்தை புதுசும் இல்லை. அமெரிக்காவுல 1978-ல் விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்ததும் பீப்பிள் எக்ஸ்பிரஸ்னு ஒரு மலிவு விலை நிறுவனம் பெரிய கம்பெனிகளைப் போட்டுத் தாக்குச்சு. 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ராபர்ட் கிராண்டல் அதுக்குப் பதிலடி கொடுத்தார். முன்கூட்டியே வாங்குறவங்களுக்கு மட்டும் அடிமாட்டு விலை, கடைசி நேரத்துல வர்ற பிசினஸ் ஆளுங்களுக்குப் பழைய முழு விலை. ஒவ்வொரு விலைக்கும் எத்தனை சீட் ஒதுக்கணும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச்சு. அடுத்த வருஷமே பீப்பிள் எக்ஸ்பிரஸ் கைமாறிப் போச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சதைத்தான் இன்னைக்கு உலகம் முழுக்க செய்யுறாங்க.

இந்த ஏற்பாடு உங்ககிட்ட கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "உன்னால தேதியை மாத்த முடியுமா, முன்னாடியே முடிவு பண்ண முடியுமா?" முடியும்னா மலிவு. முடியாதுன்னா கொடு காசு. செவ்வாய்க்கிழமை *வாங்குறதுக்கும்* விலைக்கும் சம்பந்தம் இல்லை. செவ்வாய், புதன்ல *பறந்தா* பல சமயம் மலிவா கிடைக்கும், ஏன்னா அன்னைக்குக் கூட்டம் குறைவு. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பினதுலதான் எத்தனையோ குடும்பங்களுக்குக் காசு போச்சு.

"கடைசி நேரத்துல விலை சரியும்" கதை இன்னும் மோசம். கடைசி வாரத்துல டிக்கெட் வாங்குறது யாரு? ஆபீஸ் செலவுல போறவங்க, சாவுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போறவங்க. அவங்க எந்த விலையும் கொடுப்பாங்கன்னு தெரிஞ்சுதான் அடுக்கு அமைக்குறாங்க. அங்க போய் நாம மலிவு தேடுறோம்!

இந்த டிப்ஸ் எல்லாம் யாருக்கு?

என் உண்மையான சண்டை இங்கதான். இந்தக் கட்டுரைகளை எழுதுறவங்க எல்லாரும் தனி ஆளுங்க. ஒரு முதுகுப்பை, ஒரு லேப்டாப். எந்த நாள் மலிவோ அந்த நாள் கிளம்புவாங்க, எந்த ஊர் மலிவோ அந்த ஊருக்குப் போவாங்க. "போற இடத்தை முடிவு பண்ணாம தேடுங்க"ன்னு ஒரு யோசனை வேற. எங்க அப்பாகிட்ட போய் "எங்க போறோம்னு முடிவு பண்ணாம லீவு போடுங்க"ன்னு சொல்லிப் பாருங்களேன் :-)

குடும்பத்தோட நிலைமையே வேற. ஸ்கூல் லீவு எப்பவோ அப்பத்தான் போக முடியும். நமக்கு மட்டுமா லீவு? தமிழ்நாட்ல இருக்குற எல்லாக் குழந்தைக்கும் அதே மே மாசம்தான். தனி ஆளுக்கு 1,000 ரூபா ஏறினா 1,000 ரூபா. எங்களுக்குப் போக 5,000, வர 5,000. தனி ஆள் தப்புக் கணக்குப் போட்டா ஒரு ஹோட்டல் சாப்பாட்டைக் குறைச்சுக்குவான். குடும்பம் தப்புக் கணக்குப் போட்டா ஒருத்தருக்குக் கால் வலி வரும்.

சரி, குடும்பத்துக்கு எதுதான் வேலைக்கு ஆகும்? நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான்.

*ஒண்ணு, தேதியை வீடு முடிவு பண்ணணும், டிக்கெட் இல்லை.* ஜனவரியிலேயே அப்பா லீவு, தம்பி பரீட்சை, அம்மா வீட்டுக் கல்யாணம் எல்லாத்தையும் காலண்டர்ல போட்டு, போகக்கூடிய ரெண்டு மூணு தேதியை எடுத்து வச்சுக்கணும். வெள்ளி, ஞாயிறைத் தவிர்க்கணும். பட்ஜெட்டுக்குள்ள விலை வந்த அன்னைக்கே வாங்கிடணும். இன்னும் 300 ரூபா இறங்கும்னு உக்காந்திருக்கக் கூடாது. போக ஒரு கம்பெனி, வர ஒரு கம்பெனின்னு தனித்தனியாவும் தேடிப் பாக்கணும்.

*ரெண்டு, அஞ்சு பேர்னு போட்டுத் தேடாதீங்க.* இதை அந்தப் பத்து ரகசியக் கட்டுரைகள் எதுலயும் நான் பாக்கலை, ஏன்னா தனி ஆளுக்கு இது தேவையே இல்லை. கீழ் அடுக்குல 5,000 ரூபாவுக்கு மூணு சீட்தான் இருக்கு, அடுத்த அடுக்கு 6,200னு வச்சுக்குவோம். நீங்க அஞ்சு பேர்னு தேடினா அஞ்சும் சேர்ந்து கிடைக்குற அடுக்குதான் வரும். அதாவது அஞ்சு பேருக்கும் 6,200, மொத்தம் 31,000. முதல்ல ஒருத்தர்னு தேடுங்க, அப்புறம் ரெண்டு, மூணுன்னு ஏத்திக்கிட்டே போங்க. எங்க விலை குதிக்குதுன்னு தெரிஞ்சிடும். மூணு பேரை ஒரு தடவை, ரெண்டு பேரை ஒரு தடவை போட்டா 15,000 + 12,400 = 27,400. மிச்சம் 3,600. ஆனா சின்னப் பசங்களை அப்பாவோ அம்மாவோ இருக்குற பி.என்.ஆர்.லயே சேர்க்கணும். ஏன்னு கீழ சொல்றேன்.

*மூணு, வீட்டு வாசல்லேர்ந்து கணக்குப் போடுங்க.* ஸ்க்ரீன்ல தெரியுறது விலை இல்லை, தூண்டில் புழு. கற்பனையா ஒரு கணக்கு பாக்கலாம். விடிகாலை 5 மணி விமானம் 4,800 ரூபா. சீட்டுக்கு 350, கன்வீனியன்ஸ் ஃபீ 400 சேத்தா 5,550. அஞ்சு பேருக்கு 27,750. அந்த நேரத்துக்கு ரயிலும் தோதுப்படாது, மெட்ரோவும் ஓடாது. வேலூர்லேர்ந்து நடுராத்திரி கால் டாக்ஸி 4,500னு வச்சா மொத்தம் 32,250. இன்னொண்ணு காலை 11 மணி விமானம், 5,500 ரூபா. சீட்டுக்குக் காசு கட்டாம ஃபீ 400 மட்டும் சேத்தா 5,900. அஞ்சு பேருக்கு 29,500. காட்பாடியிலேர்ந்து விடிகாலை ரயில்ல சென்ட்ரல், அங்கேர்ந்து நேரா மெட்ரோவுல ஏர்போர்ட், எல்லாம் சேத்து 1,200 வச்சாலும் 30,700தான். 700 ரூபா அதிகம்னு தெரிஞ்ச டிக்கெட்தான் கடைசியில 1,550 ரூபா மலிவு! பெங்களூர்லேர்ந்து மலிவா இருக்கேன்னு ஓடுறவங்களும் இதைப் போட்டுப் பாருங்க. அந்த ஏர்போர்ட் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில இருக்கு. அங்க வரைக்கும் போற செலவையும் சேக்கணும்.

*நாலு, சட்டத்துல இருக்குறதை எடுத்துக்குங்க.* விமானம் கிளம்ப 7 நாளோ அதுக்கு மேலோ இருந்து, நேரா விமான நிறுவனத்துகிட்டயே வாங்கியிருந்தா, வாங்கினதுலேர்ந்து ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள்ள அபராதம் இல்லாம ரத்து பண்ணலாம். இது 2016-லேர்ந்து இருக்குற டி.ஜி.சி.ஏ. விதி. அதனால முதல்ல வாங்குங்க, அப்புறம் ஒரு ராத்திரி வீட்ல உக்காந்து பேசுங்க. அப்புறம், "நான்-ரீஃபண்டபிள்" டிக்கெட்டை ரத்து பண்ணாலும் வரி, விமான நிலையக் கட்டணம் எல்லாம் திருப்பித் தரணும். கேக்காம விட்டுடாதீங்க.

பயத்துக்கு ஒரு விலை

இப்போ விக்கிறவங்க பக்கம். குடும்பத்துகிட்ட இவங்க காசு பறிக்கிற இடம் டிக்கெட் இல்லை, சீட் தேர்வுப் பக்கம்தான். அந்தப் பக்கத்தைப் பாத்ததும் எங்க அம்மா கேட்ட முதல் கேள்வி, "தம்பி தனியா உக்காரணுமா?" அந்தக் கேள்விக்குத்தான் 350 ரூபா. 12 வயசு வரைக்கும் உள்ள குழந்தையை, அதே பி.என்.ஆர்.ல இருக்குற பெற்றோர்ல ஒருத்தர் பக்கத்துலயாவது உக்கார வைக்கணும்னு 2024 ஏப்ரல்ல டி.ஜி.சி.ஏ. உத்தரவு போட்டிருக்கு. இதை அந்தப் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்காங்களா? நான் வாங்கின தளத்துல போடலை. "காசு கட்டாம தொடரவும்"ங்கற பட்டன் ஏதோ ஒரு மூலையில சாம்பல் கலர்ல இருந்தது.

முதல்ல குறைஞ்ச விலை காட்டி, கடைசிப் பக்கத்துல ஒவ்வொண்ணா சேக்குறது. "இன்னும் 2 சீட்தான்"னு பயமுறுத்துறது. கேக்காமலே இன்ஷூரன்ஸ் சேத்து வைக்கிறது. 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட 13 ஏமாத்து வேலைப் பட்டியல்ல இது எல்லாமே இருக்கு. பட்டியல் வந்தாச்சு. பழக்கம்தான் போகலை.

"அது வியாபாரம்ப்பா, இஷ்டம் இல்லைன்னா ரயில்ல போ"ன்னு சொல்றவங்க இருக்காங்க. ரயில்ல மட்டும் என்ன வாழுது? ராஜதானி, சதாப்தி, துரந்தோல 2016 செப்டம்பர்லயே சீட் நிரம்ப நிரம்ப விலை ஏத்துற முறை வந்துடுச்சு. அதோட, அந்தமானுக்கு ரயில் விட்டா சொல்லுங்க, மொத ஆளா ஏறுறேன். பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்குப் போகலாமா? கிங்ஃபிஷர் 2012-ல் நின்னது, ஜெட் 2019-ல், கோ ஃபர்ஸ்ட் 2023-ல். விஸ்தாரா 2024-ல் ஏர் இந்தியாவோட கலந்தாச்சு. 2025-ல் உள்நாட்டுல பறந்த பத்துப் பேர்ல ஆறு பேருக்கு மேல ஒரே கம்பெனி விமானத்துல பறந்தாங்க. இதுக்குப் பேரு சந்தையா?

அரசாங்கத்தால எதுவும் செய்ய முடியாதுன்னும் சொல்ல முடியாது. கொரோனா காலத்துல, 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரைக்கும் கட்டண வரம்பு வச்சாங்க. 2025 டிசம்பர்ல இண்டிகோ விமானங்கள் கொத்துக்கொத்தா ரத்தானப்போ மறுபடியும் உச்சவரம்பு போட்டாங்க: 500 கி.மீ. வரைக்கும் 7,500 ரூபா, 1,500 கி.மீ.க்கு மேல 18,000 ரூபா.

நான் வருஷம் முழுக்க உச்சவரம்பு கேக்கலை. அது வந்தா கீழ் அடுக்கும் காணாம போயிடும்னு எனக்கும் தெரியும். முன்னாடியே வாங்குறவனுக்கு மலிவுங்கறதுல அநியாயம் எதுவும் இல்லை. நான் கேக்குறது சின்ன விஷயம். மொத்த விலையை முதல் பக்கத்திலேயே காட்டு. எத்தனை பேருக்கு எந்த அடுக்குன்னு பிரிச்சுக் காட்டு. குழந்தை பக்கத்துல அம்மா உக்காருறது காசில்லாத உரிமைன்னு சீட் பக்கத்துல எழுதி வை. இது கூட முடியாதா?

அது நடக்குற வரைக்கும், என்னை மாதிரி வீட்ல "நெட்ல பாத்து டிக்கெட் போடுற புள்ளை"யா இருக்குற எல்லாருக்கும் சொல்றேன்: ரகசியம்னு ஒண்ணும் இல்லை. காலண்டர், கால்குலேட்டர், பட்ஜெட்டுக்குள்ள வந்ததும் வாங்குற தைரியம், இது மூணும் போதும்.

இந்தத் தடவை ஜனவரியிலேயே போட்டாச்சு. மூணு பேர் ஒரு பி.என்.ஆர்., ரெண்டு பேர் இன்னொண்ணு. தம்பி அம்மாவோட. பாட்டி என்னோட. கால் வலியைப் பத்தி இது வரைக்கும் பேச்சே இல்லை.

பி.கு: சீட்டுக்குக் காசு கட்டாதீங்கன்னு இவ்வளவு எழுதிட்டு ஒரு சீட்டுக்கு மட்டும் நான் காசு கட்டியிருக்கேன். பாட்டிக்கு ஜன்னல் ஓரம்.