முதுநாயின் மறதிக்கும் மருந்துண்டு

பதினான்கு ஆண்டுகள் வீட்டைக் காத்த நாயொன்று நள்ளிரவில் வெறுஞ்சுவரை நோக்கிக் குரைக்கின்றது. கதவு திறக்கும் பக்கத்தை விட்டு, பிணைச்சற் பக்கத்திலே போய் நின்று காத்திருக்கின்றது. வளர்த்தவரையே அந்நியரைப் போலப் பார்க்கின்றது. முற்றத்துக்குச் சென்று மீண்ட மறுகணம் விறாந்தையிலே சிறுநீர் கழிக்கின்றது. "கிழட்டு நாய்க்குப் பைத்தியம்" என்று அயலார் தீர்ப்புக் கூறுவர். முதலில் அடி விழும். பின்னர் அது தெருவிலே விடப்படும்.

இது பிடிவாதமுமன்று, பைத்தியமுமன்று. மூளை மூப்படைவதால் வரும் நோய். மனிதரின் அல்சைமர் நோயிற் போலவே நாயின் மூளையிலும் அமிலோயிட் என்னும் புரதம் படிகின்றது. கலிபோர்னியாவில் நடத்தப்பெற்று 2001-இல் வெளியான ஆய்வொன்றில், 11, 12 வயது நாய்களுள் நூற்றுக்கு 28-உம், 15, 16 வயதினவற்றுள் நூற்றுக்கு 68-உம் இத்தகைய மாற்றங்களுள் ஒன்றையேனும் காட்டின.

நாய்க்கும் மறதி நோயா என்று எம் மாணவர் சிலர் நகைத்தனர். அவர்க்கு மருந்தின் வரலாற்றையே விடையாகக் கூறினோம். ஹங்கேரி நாட்டிலே 1960-ஆம் ஆண்டுகளில் யோசெப் நோல் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்த செலிஜிலின் என்னும் மருந்து, மனிதரின் பார்க்கின்சன் நடுக்க நோய்க்குப் பயன்பட்டது. மூளையிலுள்ள டோபமைன் என்னும் பொருள் விரைவிற் சிதையாவண்ணம் அது தடுக்கின்றது. அதனையே 1998-இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகத்தார் நாயின் முதுமை மறதிக்கும் ஏற்றுக்கொண்டனர். நாளுக்கு ஒருமுறை, காலையிலே கொடுப்பது வழக்கம். ஓரிரு மாதம் பொறுத்தே பயனை மதிப்பிடலாம். இரவில் உறக்கமும் பகலில் விழிப்பும் மீள்வதுண்டு. ஆயினும் எல்லா நாய்க்கும் பலிப்பதில்லை. பலித்தவிடத்தும் நோய் தணியுமேயன்றி ஒழியாது. ஐரோப்பாவிலே, சோர்ந்து கிடக்கும் முதுநாய்களுக்குப் புரொப்பென்ரோபிலின் என்னும் வேறொரு மருந்தும் வழங்குகின்றது.

மருந்துக்கு முன்னர்ப் பரிசோதனை வேண்டும். இரவில் உலாவும் நாய்க்கு மூட்டு நோவு இருக்கலாம்; அழைத்தும் வராத நாய்க்குச் செவி மந்தமாகியிருக்கலாம்; வீட்டை நனைப்பது சிறுநீரக நோயாலும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய வல்லவர் மிருக வைத்தியரே. பாட்டனாரின் குளிசைப் போத்தலிலிருந்து ஒன்றை எடுத்துச் சோற்றிலே பிசைந்து கொடுத்துவிடுவது (எம்மவர்க்குக் கைவந்த வைத்தியம்!) பெருந்தீங்காகும். உண்ணியை ஒழிக்கப் பயன்படும் அமிட்ராஸ் மருந்தும், மனச்சோர்வுக்கு உட்கொள்ளும் மருந்துகள் சிலவும் செலிஜிலினோடு சேரின் உயிருக்கே ஆபத்து விளையலாம்.

மருந்து பெறும் நாய்க்கும் வீட்டார் செய்யத்தக்கவை உள. கட்டிலையும் கதிரையையும் இடம் மாற்றாதிருத்தல் நன்று. காலைதோறும் பழகிய ஒழுங்கையாலேயே அழைத்துச் செல்லலாம். இரவில் அது படுக்குமிடத்தருகே சிறு விளக்கொன்று எரியட்டும்.