மாட்டுக்குச் சூடு போடுதலும் அக்குபங்சர் முறையும்

மாடு நொண்டினாலும், வயிறு உப்பினாலும், இரும்பைக் காய்ச்சிச் சூடு போடுதல் அன்னூர் முதலிய கொங்கு நாட்டுக் கிராமங்களில் நெடுநாளாக அறியப்பட்ட வழக்கமாகும். சீன தேசத்து அக்குபங்சரும் உடலிற் குறித்த இடங்களைத் தூண்டுவதேயாதலால், சூடும் அத்தகையதே எனச் சிலர் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது.

அக்குபங்சர் முறையில் இடங்களைத் தூண்டும் வழிகள் பல. மெல்லிய ஊசியைச் செருகி வைத்தல் முதன்மையானது. அவ்வூசி வழியே சிறிதளவு மின்சாரம் பாய்ச்சுதல், மருந்து நீரை உட்செலுத்துதல், விரலால் அழுத்துதல் என்பனவும் உண்டு. மாசிபத்திரி இனத்துச் செடியின் உலர்ந்த இலையைக் கொளுத்தி, தோல் வேகாதபடி அனல் காட்டுவதும் ஒரு முறை. கன்று பிறந்தும் மூச்சு விடாதிருப்பின், மூக்குத் துவாரங்களுக்கு இடையில் ஊசியாற் குத்தித் தூண்டும் மிருக வைத்தியர்களும் உளர். ஆயினும், மிருகங்களுக்கான இச்சிகிச்சையைப் பற்றி 2006-ஆம் ஆண்டு வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று, எந்த வியாதிக்கும் இதனை உறுதியாகச் சிபாரிசு செய்யப் போதிய சான்று இல்லையென்றே முடிவு கூறிற்று. பயின்ற கையில் ஊசிக்கே நிலைமை இதுவானால், இரும்புக்கு என்ன ஆதாரம்?

காய்ந்த இரும்பு தோலையும் தசையையும் வேகவைக்கிறது. புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். தழும்பேறிய தோல் விலை குறையும். இவற்றினும் பெரிய நஷ்டம் காலம் வீணாதலே. கடுமையாக வயிறு உப்பிய பசு சில மணி நேரத்தில் மடியக்கூடும். அடைப்பான், சப்பை நோய், கோமாரி ஆகியன கிருமிகளால் வருவன. சூட்டுக்கோல் அவற்றைத் தீர்க்காது. சூடு பட்ட மாடுகளிற் சில தேறுவது உண்மையே. சுளுக்குப் போன்றவை ஓய்வினாலேயே குணமாகும்; அப்பெருமையை இரும்புக்கு அளிப்பது முறையன்று.

பிராணிகளுக்கு வீண் துன்பம் இழைப்பதை 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. கிராம அதிகாரிகள் இதனை ஊராருக்கு நயமாக எடுத்துரைத்தல் நலம். தடுப்பூசியை உரிய காலத்திற் போடுவித்து, வியாதி கண்டவுடன் கால்நடை மருந்தகத்தையோ, 1962 என்னும் தொலைபேசி எண்ணையோ நாடுவதே சிக்கனமான வழி. ஊசி வைத்தியத்தை விரும்புவோரும் அதனைப் பயின்ற மிருக வைத்தியரிடமே ஒப்புவிக்க வேண்டும். கட்டுத்தரையில் சூட்டுக்கோலுக்கு இனி இடமில்லை என்று குடியானவர்கள் உறுதி கொள்வார்களாக.