மூணுல ஒண்ணு வேலை செய்யலை

"ஏனுங்ணா, வண்டி மறுபடியும் மிஸ்ஸிங் அடிக்குதுங்க. போன வாரந்தானுங்க ப்ளக் மாத்துனோம்?"

வெள்ளகோவிலில் பழைய ஓம்னி வேன் வைத்திருக்கும் யாரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கக்கூடிய வசனம் இது. பதிலும் தெரிந்ததுதான். "அப்ப ப்ளக் ஒயரா இருக்கும், மாத்திப் பாத்துரலாமுங்க." ஒயர் மாறும். பத்து நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். அப்புறம் காயில், அதற்கப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் கேப், பிறகு கார்புரேட்டர் சர்வீஸ். எல்லாம் முடிந்ததும், "இஞ்சின் பழசாயிருச்சுங்க, வந்த வெலைக்குத் தள்ளி விட்ருங்க."

இவ்வளவு நடந்தும் இருவரில் ஒருவர்கூட ஒரு சின்னக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை?

இதற்கு மெக்கானிக்குகளைத் திட்டுவது சுலபம். ஆனால் தப்பில் பெரும்பங்கு வண்டிக்காரர்களுடையது. அது எப்படி என்பதற்கு முன்னால் வண்டியைப் பற்றிக் கொஞ்சம்.

மாருதி வேன் 1984-ல் வந்தது, 1988-ல் ஓம்னி என்று பெயர் மாறியது, 2019-ல் தயாரிப்பு நின்றது. 796 சிசி, மூன்று சிலிண்டர். முப்பத்தைந்து வருடம் ஓடிய மாடல் என்பதால் புது வண்டி வராவிட்டாலும் பழையவை சாலையில் இருந்து மறையவில்லை. காங்கயத்துக்கும் கரூருக்கும் நடுவே இருக்கும் வெள்ளகோவில் பக்கம் இது வெறும் குடும்ப வண்டி இல்லை. முருங்கைக்காய் மூட்டை, கொப்பரை, தறித் துணி, எண்ணெய் டின் எல்லாம் இதில்தான் போகும். பெரிய லோடுக்குக் குட்டியானை இருக்கிறது. ஆனால் காலையில் காயை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, சீட்டைத் துடைத்துவிட்டு, மத்தியானம் அதே வண்டியில் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றால் ஓம்னிதான் :-)

அப்படிப்பட்ட வண்டி நடுரோட்டில் இழுக்காமல் திணறினால் அன்றைய காய் மார்க்கெட்டுக்கு லேட். லேட்டாகப் போன காய்க்கு என்ன விலை கிடைக்கும் என்று முருங்கை போட்டவர்களைக் கேளுங்கள்.

மிஸ்ஸிங் என்பது என்ன? சிலிண்டருக்குள் போன பெட்ரோலும் காற்றும் எரியாமல், அல்லது அரைகுறையாக எரிந்து வெளியே போவது. இஞ்சின் 3000 ஆர்பிஎம்-ல் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 25 தடவை எரிய வேண்டும். நாலு சிலிண்டர் காரில் ஒன்று படுத்தால் மீதி மூன்று சமாளிக்கும். ஓம்னியில் ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கே போச்சு. சீட்டுக்கு அடியிலேயே இஞ்சின் இருப்பதால் அந்த உதறல் நேராக இடுப்புக்கு வரும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, இஞ்சின் ஆயிலையே நீர்க்கச் செய்யும். அப்புறம் பார்க்கலாம் என்று ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

எரிவதற்கு மூன்று வேண்டும்: பொறி, சரியான கலவை, அழுத்தம். இதில் எது குறைகிறது என்பதை வண்டி தானாகவே சொல்லும், எப்போது மிஸ்ஸிங் வருகிறது என்று கேட்டால். லோடு ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் வந்தால் பொறி பலவீனமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூடப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். நின்றுகொண்டு உறுமும்போது மட்டும் வந்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சரியானால், கார்புரேட்டருக்கு அடியிலோ மேனிஃபோல்டிலோ கேஸ்கட் வழியாகக் காற்று இழுக்கிறதா என்று பார்க்கலாம். மழை நாளில் மட்டும் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் விரிசல் இருக்கலாம். அல்லது ஒயரில். ராத்திரி இருட்டில் சீட்டைத் தூக்கி இஞ்சினை ஓடவிட்டால் கரண்ட் கசியும் இடம் நீலமாக மினுக்குவது கண்ணுக்கே தெரியும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது எந்த சிலிண்டர் என்பது. இஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது, இன்சுலேஷன் உள்ள ப்ளையரால் ப்ளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய முனையை இஞ்சின் இரும்பில் எர்த் ஆக்கிப் பார்க்க வேண்டும். நல்ல சிலிண்டரைக் கழற்றினால் இஞ்சின் இன்னும் தடுமாறும். கெட்டதைக் கழற்றினால் எந்த மாற்றமும் இருக்காது. இரண்டாவது என்று வைத்துக்கொள்வோம். வண்டியை நிறுத்திவிட்டு இரண்டாவது ப்ளக்கை ஒன்றில் போட்டு, ஒன்றாவதை இரண்டில் போட வேண்டும். மிஸ்ஸிங் ஒன்றுக்கு மாறினால் ப்ளக்தான். மாறாவிட்டால் ஒயருக்கும் இதே மாதிரி ஒரு சோதனை. புது சாமான் எதுவும் வாங்காமலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அரை மணி நேர வேலை.

இரண்டையும் மாற்றிப் போட்டும் மிஸ்ஸிங் இரண்டாவதிலேயே உட்கார்ந்திருந்தால்? அங்கேதான் பல ஓம்னிகளின் கதை முடிகிறது. முடிய வேண்டியதில்லை.

காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது அருமையாக இருக்கிறது, இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் உதறுகிறது, எத்தனை ப்ளக் போட்டாலும் பத்து நாள்தான். இது எல்பிஜி-யில் நிறைய ஓடிய வண்டிகளில் அடிக்கடி வரக்கூடிய புகார். (எல்பிஜி-யை வண்டி எரிபொருளாகச் சட்டம் ஒத்துக்கொண்டு 2001-ல் அதற்கான விதிகள் வந்தன. 2003-ல் கம்பெனியே எல்பிஜி ஓம்னி விட்டது. வீட்டு சிலிண்டரை மாட்டி ஓட்டியது தனி வரலாறு, அது இங்கே வேண்டாம்.) கேஸில் ஓடும்போது பழைய இஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும். தேயத் தேய வால்வு மேலே ஏறி, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்துகொண்டே வரும். இஞ்சின் சூடானால் வால்வு நீளும். அப்போது மிச்சமிருந்த இடைவெளியும் போய், வால்வு முழுசாக மூடாது. அழுத்தம் ஓட்டை வழியாகப் போய்விடும். பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, அழுத்தம் மட்டும் இல்லை. காயிலை நாலு தடவை மாற்றினாலும் இது எப்படிச் சரியாகும்?

கண்டுபிடிக்கக் கம்ப்ரஷன் கேஜ் ஒன்று போதும். மூன்று சிலிண்டரையும் அளந்து, ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ஆரம்ப நிலையாக இருந்தால் டேப்பட் ஸ்க்ரூவை ஃபில்லர் கேஜ் வைத்து அட்ஜஸ்ட் பண்ணினாலே தீரும். தள்ளிப் போட்டால் வால்வு கருகி, ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டி வரும்.

இப்போதெல்லாம் இன்னொரு சுலபமான பதில் கிடைத்திருக்கிறது: "எல்லாம் எத்தனால் பெட்ரோல் பண்ற வேலைங்க." முழுக்கப் பொய் இல்லை. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தையும் 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஓஸுக்கு ஆகாது, கார்புரேட்டர் வண்டியில் கலவையையும் கொஞ்சம் மெலிசாக்கும். ஆனால் ஒரு டேங்க், ஒரு கார்புரேட்டர். அதே பெட்ரோல்தான் மூன்று சிலிண்டருக்கும் போகிறது. இரண்டாவது மட்டும் படுத்துக் கிடந்தால் பெட்ரோல் பங்க்கைத் திட்டி என்ன பிரயோஜனம்?

ஸ்கேனர் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை என்பவர்களும் உண்டு. புதிய வண்டிகளில் ஸ்கேனர் பி0302 என்று காட்டும். இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். ஏன் என்று அதற்குத் தெரியாது. ப்ளையரால் ஒயரைக் கழற்றிப் பார்த்தவர் எங்கே வந்து நிற்கிறாரோ, அதே இடத்தில்தான் ஸ்கேனரும் கொண்டுவந்து நிறுத்துகிறது. அங்கிருந்து மறுபடி மாற்றிப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சரி, இவ்வளவு சுலபமான சோதனைகளை ஏன் செய்வதில்லை? மெக்கானிக்குக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒரு மணி நேரம் செலவழித்து, கேஜ் போட்டு, டேப்பட் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பி, "ஐநூறு ரூபா குடுங்க" என்றால் என்ன நடக்கும்?

"என்னங்ணா, ஸ்க்ரூ திருப்புனதுக்கு ஐநூறுங்களா?"

அதே ஆள் ஆயிரம் ரூபாய் காயிலுக்கு முகம் சுளிக்காமல் பணத்தை எடுத்து வைப்பார். கையில் பெட்டி இருக்கிறது, புதுசாகப் பளபளக்கிறது, மனசுக்குத் திருப்தி. சாமானுக்குக் காசு உண்டு, கண்டுபிடித்ததற்குக் கிடையாது. அப்புறம் எந்த மெக்கானிக் கேஜை எடுப்பார்? பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளும் பையனும் இதைப் பார்த்துத்தான் வளர்கிறான். கழற்றி மாட்டக் கற்றுக்கொள்கிறான். கம்ப்ரஷன் கேஜை அவன் தொட்டிருக்கவே மாட்டான்.

இத்தனைக்கும் இது ஜி.டி.நாயுடுவின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் ஊர்ப்பக்கம். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்துத் தொழில் கற்றவர், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸோடு ஆரம்பித்தவர். அவர் பிரித்துப் பார்த்ததைப் புகழ்வோம். நம் வண்டியை ஒருவர் பிரித்துப் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் கூலி தரமாட்டோம்.

செய்யக்கூடியது பெரிய விஷயம் எதுவும் இல்லை. வண்டியை விடும்போதே, "மொதல்ல எந்த சிலிண்டர்னு பாருங்க, பாத்ததுக்குத் தனியாக் கூலி குடுத்தர்றேனுங்க" என்று சொல்லலாம். அதையும் மீறி ப்ளக் மாற்றினால், கழற்றிய பழைய மூன்றையும் கேட்டு வாங்கி, எது எந்த சிலிண்டர் என்று பேப்பரில் சுற்றி எழுதி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். இரண்டு ப்ளக் காப்பிப்பொடி நிறத்திலும் ஒன்று மட்டும் பெட்ரோல் நனைந்து கறுப்பாகவும் இருந்தால், அடுத்த பட்டறையில் பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.