வெளிநாட்டுப் பெட்டி

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சலவை இயந்திரம் இருக்கிறது. அதன்மேல் பூப்போட்ட துணி விரித்துத் தம்பியின் பாடப்புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறோம். ரியாத்தில் ஒரு வீட்டில் வேலை செய்யும் என் சாச்சி 2019இல் கார்கோவில் அனுப்பியது அது. வாசல்வரை கொண்டுவந்து தருவதாகச் சொன்ன முகவர், கடைசியில் கொழும்புக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாப்பா இரண்டு தடவை இரவு பஸ் ஏறினார். இரண்டாம் தடவை லொறி ஒன்றைப் பிடித்துக் கொண்டுவந்தார். தெருவே வந்து பார்த்தது.

இயந்திரம் ஓடியது சில மாதங்கள்தான். துவைத்து முடிய வழக்கத்தைவிட நேரமெடுத்தது, மோட்டார் கொதித்தது, பிறகு நின்றே போனது. பதுளை டவுனிலிருந்து வந்த திருத்துநர் பின்பக்கத் தகட்டைப் பார்த்துவிட்டு, "இது அறுபது ஹேர்ட்ஸ் மெசின் நானா, நம்ம கரண்ட் ஐம்பது" என்றார். சவூதியில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 50. 60க்கென்று செய்த சாதாரண மோட்டார் 50இல் மெதுவாகச் சுற்றும், கூடுதலாகச் சூடாகும். சவூதியின் பழைய வீடுகளில் 127 வோல்ட்டும் உண்டு. அங்கிருந்து வந்த அயன் பொக்ஸை இங்கே 230 வோல்ட்டில் சொருகிப் புகை பார்த்த கதை எங்கள் உம்மம்மாவிடம் இருக்கிறது. டொலரையும் ரியாலையும் கணக்குப் பார்க்கும் நாம், பொருளின் பின்பக்கத் தகட்டைப் பார்ப்பதில்லை.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு காலம் இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்தே நம்மவர்கள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினார்கள். ரூபவாஹினி ஒளிபரப்பு ஆரம்பித்தது 1982இல். எங்கள் தெருவின் முதல் டீவியும் முதல் கசட் ரேடியோவும் கடையிலிருந்து வந்தவையல்ல, பெட்டியிலிருந்து வந்தவை என்று உம்மம்மா சொல்வார். அன்று அப்படியொரு பொருளை இங்கே வாங்கப் பதுளையில் சம்பளம் பெறும் ஒருவருக்குக் கட்டாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்க 1985இல் சட்டம் வந்தபோது பெட்டி ஏற்கெனவே ஒரு வழக்கமாகியிருந்தது.

இன்று பதுளை டவுனில் தவணை முறையில் பிரிஜ் தராத கடையைத் தேட வேண்டும். பழுதானால் வந்து பார்க்க ஆள் உண்டு, உத்தரவாத அட்டை உண்டு. இங்கே வரி அதிகம், அங்கே விலை குறைவு என்பது உண்மைதான். அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே கொடுத்த விலையோடு கார்கோக் கூலி, கொழும்புப் பயணம், லொறிக் கூலி, இங்கே கிடைக்காத உதிரிப்பாகத்துக்காக அலைந்த அலைச்சல் எல்லாவற்றையும் நாங்கள் ஒருநாள் கூட்டிப் பார்த்தோம். உம்மா பாதியிலேயே பேனையை வைத்துவிட்டார்.

என்னுடன் டியூஷனுக்கு வரும் தோழி பசறைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். அவளுடைய அம்மா குவைத்தில். கொழுந்து பறிப்பவருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா என்று ஆனதே 2021இல்தான். 2024 செப்டெம்பரில் அது 1,350 ஆனது. அந்தச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்க முடியாமல்தான் அவர் போனார். அவர் அனுப்பிய பிரிஜ் லயத்து வீட்டில் இருக்கிறது. குவைத்தில் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அந்தி சாய்ந்து எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் கரண்ட் இறங்கிவிடும். பிரிஜ் முக்கிக்கொண்டே நிற்கும். பகலில் மட்டும் போடுகிறார்களாம். "அம்மாகிட்ட சொல்லிறாத" என்றாள்.

நானும் இதில் சுத்தமானவளல்ல. போன வருடம் சாச்சியிடம் ஒரு ஃபோன் கேட்டேன். வேண்டிய மாதிரியையும் நிறத்தையும்கூட எழுதி அனுப்பினேன். ஊருக்கு வந்த ஒருவரின் கையில் கொடுத்தனுப்பினார். 2025 ஜனவரி இறுதியிலிருந்து புதிதாக வலையமைப்பில் இணையும் ஃபோன்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு அனுப்பினால் பதிவில் உள்ளதா என்று பதில் வரும். வாங்குவதற்கு முன்னரே செய்ய வேண்டிய சோதனை இது. நான் ஃபோன் கைக்கு வந்தபின் செய்தேன். பதிவில் இல்லை. கடிதங்களும் ரசீதும் தேடி முடியும்வரை அது அலுமாரியில் கிடந்தது. அந்த ஃபோனுக்குச் சாச்சி எத்தனை நாள் வேலை செய்திருப்பார் என்று அப்போதுதான் கேட்டேன். ஒன்றரை மாதச் சம்பளம்.

"அப்ப ஏன் சாச்சி சாமானா அனுப்புறீங்க, காசா அனுப்பலாமே?" என்று கேட்டேன்.

"காசா அனுப்பினா கரைஞ்சி போகுது மகள். போன மாசக் காசு எங்க போனதெண்டு கேட்டா ஆருக்கும் தெரியாது. சாமானெண்டா அது நிக்கும். நான் இங்க இருந்ததுக்கு ஒரு சாட்சி வேணுமே" என்றார்.

இந்தப் பதிலுக்குப் பிறகு பெட்டியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறை பெட்டியில் இல்லை. அனுப்பும் பெண்ணின் உழைப்பு ஊரில் அவர் பெயரில் எங்கும் இல்லாமல் போவதுதான் குறை. காசு வாப்பாவின் அல்லது கணவனின் கணக்குக்கு வருகிறது. கலியாணம், கந்தூரி, கடன் என்று போகிறது. மிஞ்சுவது ஓடாத மெசின்.

நாடும் இதைப் பட்டுத்தான் படித்தது. வெளிநாட்டிலிருப்போர் வங்கிகள் வழியாக அனுப்பிய பணம் 2020இல் சுமார் 7.1 பில்லியன் டொலர். 2022இல் சுமார் 3.8 பில்லியன். வங்கி விலையைவிட உண்டியல்காரர் கூடக் கொடுத்ததால் பலர் அந்தப் பக்கம் போனார்கள். பிறகு, வங்கியில் அனுப்புவோருக்கு மேலதிகத் தீர்வைச் சலுகை தருவதாக அரசாங்கம் அறிவித்தது. அதாவது, ஒழுங்காகக் காசு அனுப்பியதற்குப் பரிசு, இன்னும் கொஞ்சம் சாமான் கொண்டுவரலாம் என்பது! எனக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை.

பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் போயிருந்தால் அவர் பெயரில், அவர் கையெழுத்தில், ஊரில் ஒரு கணக்கு இருக்கட்டும். மாதாமாதம் ஒரு பங்கு அதற்குப் போகட்டும்; அதன் இருப்பை அவருக்குச் சொல்லுங்கள். வீட்டுக்குப் பிரிஜ் தேவையென்றால் அவரிடம் கேட்டு இங்கேயே வாங்கி, ரசீதை அவர் பெயரில் எழுதுங்கள். என் வயதுத் தோழிகளே, லிஸ்ட் அனுப்புவதற்கு முன் எத்தனை நாள் சம்பளம் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

சாச்சி வரும் ரமழானுக்கு முன் வருகிறார். அவர் பெயரில் கணக்குத் திறக்கும் படிவத்தை உம்மா எடுத்து வைத்திருக்கிறார். "ஒண்டும் கொண்டுவர வேணாம், வெறுங்கையோட வாங்க" என்று நான் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. "வெறுங்கையோட எப்படி மகள் வாறது, தெருவில ஆக்கள் பாப்பாங்களே" என்றார்.