விடியுமுன் புறப்பட்டவர்கள்



சென்ற ஆண்டு ஒரு மாலை, மதரஸா வகுப்பில் 'அல்கலம்' அத்தியாயத்தில் வரும் தோட்டக்காரர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்தேன். பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஹஜ்ரத்! அவர்களில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னாரே, அவருடைய பங்கும் ஏன் அழிந்தது?" என்று கேட்டான். பிள்ளைகளின் கேள்விக்கு உடனுக்குடன் விடை சொல்லிப் பழகியவன் நான். அன்று மட்டும், "நாளை சொல்கிறேன்" என்று கூறி வகுப்பைக் கலைத்துவிட்டேன். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன். வரலாற்றை முதலில் பார்ப்போம்.

யமன் நாட்டின் ஸன்ஆ நகரிலிருந்து ஆறு மைல் தொலைவில் ளர்வான் என்றோர் ஊர். இத்தோட்டம் அங்கிருந்ததாக ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் கூறியதை இப்னு கஸீர் (ரஹ்) தம் விரிவுரையில் எடுத்தெழுதுகிறார். வேறு ஊரைச் சொன்னவர்களும் உண்டு. திருமறை ஊரின் பெயரையும் சொல்லவில்லை, ஆட்களின் பெயரையும் சொல்லவில்லை. எந்த ஊருக்கும் பொருந்தட்டும் என்றுதானோ என்னவோ!

தோட்டத்துக்கு உரியவராய் இருந்த தந்தை நல்லடியார். விளைச்சல் வந்ததும் தோட்டத்தின் செலவுக்கு வேண்டியதை ஒதுக்குவார். குடும்பத்தின் ஓராண்டு உணவுக்கு உரியதை எடுத்து வைப்பார். எஞ்சியதை ஏழை எளியோருக்குக் கொடுத்துவிடுவார். அறுவடை நாள் எதுவென்று சுற்றுப்புறத்து மிஸ்கீன்களுக்குத் தெரியும். அன்று கூடையோடு வந்து நிற்பார்கள். எவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

அவர் காலமானார். தோட்டம் பிள்ளைகள் கைக்கு வந்தது. 'வாப்பா விவரம் தெரியாமல் வாரிக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு குடும்பம். நமக்கோ பல குடும்பங்கள்' என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். இந்தக் கணக்கில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். அவர்கள் எவருடைய பொருளையும் திருடத் திட்டமிடவில்லை. தம் தோட்டத்துக் கனியைத் தாமே பறிக்கத்தான் திட்டமிட்டார்கள். பேராசை எப்போதும் கொள்ளைக்காரன் வேடத்தில் வருவதில்லை. சிக்கனம் தெரிந்த குடும்பத் தலைவனைப் போலவும் வந்து திண்ணையில் அமரும்.

விடிந்ததும் விடியாததுமாய்க் கனிகளைப் பறித்துவிடுவதென்று சத்தியம் செய்துகொண்டார்கள். 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லவும் அவர்களுக்குத் தோன்றவில்லை. திருமறையின் அந்தச் சொல்லுக்கு, ஏழைகளின் பங்கை அவர்கள் விலக்கி வைக்கவில்லை என்று பொருள் கொண்ட அறிஞர்களும் உளர். அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தபோதே இறைவனின் சோதனை தோட்டத்தைச் சுற்றி வளைத்தது. விடிவதற்குள் தோட்டம் கருகிப்போயிற்று.

இதை அறியாத அவர்கள் அதிகாலையில் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். எந்த ஏழையும் இன்று உள்ளே வந்துவிடக் கூடாதென்று தாழ்ந்த குரலில் பேசியபடி நடந்தார்கள். தம் தோட்டத்துக்குத் தாமே திருடரைப் போல் போனார்கள்! போய்ப் பார்த்தால், நின்ற இடம் எதுவென்றே தெரியவில்லை. வழி தவறி வந்துவிட்டோம் போலும் என்றார்கள் முதலில். பிறகுதான், வழி தவறவில்லை, வாழ்வாதாரத்தை இழந்து நிற்கிறோம் என்பது உறைத்தது.

ஏழைகளுக்குத் தெரியாமல் அறுப்பது அரபு நாட்டில் எவ்வளவு பெரிய செய்தி என்பது நமக்கு எளிதில் விளங்காது. மதீனாவில் பேரீச்சை பறிக்கும் காலத்தில் அன்ஸாரித் தோழர்கள் குலைகளைக் கொண்டுவந்து பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில், தூண்களுக்கிடையே கட்டித் தொங்கவிடுவார்கள். திண்ணைத் தோழர்களில் பசித்தவர் வந்து கோலால் ஒரு தட்டுத் தட்டி, விழுந்ததை எடுத்து உண்பார். சிலர் மட்டும் சொத்தைக் குலைகளைக் கொண்டுவந்து கட்டினார்கள். மட்டமானதைத் தேடிப் பிடித்துத் தர்மம் செய்யாதீர்கள் என்னும் கருத்துடைய 'அல்பகரா' அத்தியாயத்தின் 267-ஆவது வசனம் இது தொடர்பாகவே இறங்கிற்று என்று பராஉ (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. கொடுப்பவர்களிடையிலும் பேராசை எட்டிப் பார்க்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இரவில் கனி பறிப்பதைப் பெருமானார் (ஸல்) தடுத்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. ஏழைகள் வர இயலாமற் போகும் என்பதை அதற்குக் காரணமாக அறிஞர் காட்டுவர்.

இங்கே ஓர் ஐயம் எழும். தோட்டம் அழிந்தபோது அவர்கள் எந்த ஏழையையும் இன்னும் விரட்டியிருக்கவில்லையே! எண்ணத்துக்கா தண்டனை? மனத்தில் வந்து போகும் நினைவு வேறு, செய்தே தீருவதென்ற உறுதி வேறு. உறுதி பூண்ட எண்ணத்துக்கு மனிதன் பொறுப்பாளி என்பதற்கு இமாம் குர்துபி (ரஹ்) இந்த வசனங்களையே ஆதாரமாக எடுத்துக்காட்டுகிறார். தோட்டக்காரர்கள் சத்தியம் செய்தார்கள், நேரம் குறித்தார்கள், எழுந்து நடந்தும் போனார்கள். மீதி என்ன இருந்தது, கதவைச் சாத்துவதைத் தவிர?

இனி, அந்த மாணவன் கேட்ட மனிதருக்கு வருவோம். அவரைக் குறிக்கத் திருமறை ஆளும் சொல் 'அவ்ஸத்'. நடுவர் என்பது நேர்ப்பொருள். வயதில் நடுவர் என்பதன்று, நேர்மையில் நடுநிலை உடையவர், அவர்களுள் சிறந்தவர் என்றே விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். இறைவனைத் துதிக்கலாகாதா என்று முன்பே நான் உங்களிடம் சொல்லவில்லையா என, கருகிய தோட்டத்தின் முன் நின்று அவர் நினைவூட்டுகிறார். ஆக, அவர் முன்பு சொல்லியிருக்கிறார். சொன்னவர், அந்த அதிகாலையில் வீட்டில் தங்கிவிட்டதாகத் திருமறை கூறவில்லை. தோட்டத்து வாயிலில் அவரும் நின்றார்.

இந்த இடத்தில்தான் என் நாவு அன்று ஒட்டிக்கொண்டது.

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. ஓர் ஏக்கர் ஐந்து செண்ட். தேங்காய் வெட்டு நடக்கும் நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் மட்டை பொறுக்க வருவார்கள். ஆளுக்கு இரண்டு காயை வாப்பா தம் கையாலேயே எடுத்துக் கொடுப்பார். தேங்காய்க்கு 'உஷ்ரு' உண்டா என்பதில் ஷாஃபியாக்களுக்கும் ஹனபியாக்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு என்று, ஓதிவிட்டு வந்த புதிதில் அவரிடம் நான் விளக்கியிருக்கிறேன். "அது கிதாபில் இருக்கட்டும், அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு காய் எடுத்துப் போடு" என்பார்.

2013-இல் வாப்பா மவுத்தானார்கள். உம்மா அவர்களுக்கு முன்பே போய்விட்டார்கள். ஆண் மக்கள் மூவர், பெண் ஒருத்தி. ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்பது இறைவன் வகுத்த சட்டம். மொத்தம் ஏழு பங்கு. தங்கைக்குப் பதினைந்து செண்ட், எங்களுக்குத் தலைக்கு முப்பது. இதைக் கரும்பலகையில் எழுதி நூறு முறை பாடம் நடத்தியவன் நான். வீட்டில் பேச்சு வந்தபோது மூத்த காக்கா, "அவளுக்கு நகை போட்டுச் சீர் செய்து கட்டிக் கொடுத்ததிலேயே அவள் பங்கு தீர்ந்துவிட்டது" என்றார். "காக்கா, திருமணத்துக்குச் செய்தது வேறு. இது அல்லாஹ் வகுத்த ஹக்கு" என்றேன். "நீ ஓதிக் கொடுக்கிறவன், உனக்கு உலக நடப்புத் தெரியாது" என்றார் அவர். அதற்குமேல் நான் பேசவில்லை.

மறுவாரம் சுபுஹு தொழுத கையோடு புறப்பட்டோம். உறவினர் கண்ணில் படுமுன் முதல் ஆளாகப் பத்திரத்தை முடித்துவிட வேண்டும் என்பது காக்காவின் ஏற்பாடு. சார்பதிவாளர் அலுவலகத்தில் தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டாள். தலையை நிமிர்த்தவில்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நாங்கள் மூவரும் கையெழுத்திட்டோம். தலைக்கு முப்பத்தைந்து செண்ட். மூவரில் நான் நடுவன், வயதில் மட்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. விடிந்து போய்ப் பார்த்தபோது என் பாகத்தில் மூன்று மரங்கள் நின்றன. இதனை அந்தப் பத்திரத்தோடு முடிச்சுப் போட நான் துணியேன். ஊரார் ஹக்கை ஒரு காசும் தொடாத ஏழைகளின் தோப்புகளும் அன்று அடியோடு சாய்ந்தன. எவருடைய துன்பத்தையும் தண்டனை என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு 'வஹீ' வருவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. விழுந்த மரங்களுக்கு அரசு தந்த நிவாரணப் பணத்தையும் மூவராகவே வாங்கிக்கொண்டோம். தங்கையின் மண்ணில் நின்ற மரங்களுக்கும் சேர்த்து!

மாணவன் கேள்வி கேட்ட மறுநாள் வகுப்பில் விடை சொன்னேன்: "அவர் சொன்னார், சொல்லிவிட்டு அவர்களோடு சேர்ந்து நடந்தார்." பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். அவளுடைய பதினைந்து செண்டில் என் கைக்கு வந்தது ஐந்து செண்ட். அதை அவள் பெயருக்கு எழுதித் தருவதாகச் சொன்னேன். 2013 முதல் வந்த தேங்காய்ப் பணத்தையும் நிவாரணத்தில் அவளுக்குச் சேர வேண்டியதையும் கணக்கிட்டுத் தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. "அன்று நீங்கள் ஒரு வார்த்தை பேசினீர்கள் என்று மச்சி சொன்னார்கள், காக்கா. பத்திர ஆபீஸிலும் பேசுவீர்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்" என்றாள். பிறகு எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள்.

தோட்டக்காரர்களின் வரலாறு கருகிய தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. ஒருவரையொருவர் பழித்துக்கொண்டார்கள்; பிறகு வரம்பு மீறியவர்கள் நாங்களே என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்; இதைவிடச் சிறந்ததை இறைவன் தரக்கூடும் என்று அவன் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் சுவர்க்கவாசிகளா, நரகவாசிகளா என்று கதாதா (ரஹ்) அவர்களிடம் ஒருவர் கேட்டபோது, என்னைப் பெரும் சிரமத்தில் மாட்டிவிட்டாயே என்னும் கருத்தில் கூறித் தீர்ப்புச் சொல்லாது விட்டார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களைத் தொட்டு வேறொரு செய்தி உண்டு. அவர்கள் உள்ளத் தூய்மையோடு மீண்டதால், அதைவிட மேலான தோட்டம் ஒன்று அவர்களுக்குக் கிடைத்ததாம். அங்கே விளைந்த திராட்சையில் ஒரு குலையைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை வேண்டியிருந்ததாம்.

ஐந்து செண்ட் தங்கை பெயருக்குப் பதிவாகிவிட்டது. நான்கு தென்னம்பிள்ளைகள் வைத்திருக்கிறாள். பணத்தை என் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறுகச் சிறுகச் செலுத்தி வருகிறேன். மீதிப் பத்துச் செண்ட் பற்றிப் பேசப் போனால் மூத்த காக்கா முகம் கொடுப்பதில்லை. நான் ஸலாம் சொன்னால் பதில் மட்டும் வருகிறது. வளைகுடாவில் இருக்கும் தம்பி, ஊருக்கு வந்து பேசுவோம் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறான்.