வயிற்றில் வந்தது, முழங்காலில் நின்றது

பிள்ளைக்குப் பேதி கண்டு, கஞ்சியும் மோருமாக நாலு நாளில் தேறிவிட்டால் அதை நாம் மறந்தே போகிறோம், இல்லையா? மூன்று வாரம் கழித்து அவனுக்கு முழங்கால் வீங்கினால், "வாயுப் பதார்த்தத்தைத் தின்றிருப்பான்" என்போம். அல்லது எங்கேயோ விழுந்துவிட்டு மறைக்கிறான் என்று மிரட்டுவோம். பழைய பேதி யாருக்கு ஞாபகம் வருகிறது!

1962-ம் வருஷம் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். கப்பலில் இருந்தவர்கள் 1,276 பேர். அவர்களில் 602 பேருக்குச் சீதபேதி. ஷிகெல்லா என்ற கிருமியின் வேலை அது. பேதிக்குப் பிறகு ஒன்பது பேருக்கு மட்டும் மூட்டு வீக்கம், கண் சிவப்பு, நீர்க்கடுப்பு என்று சேர்ந்து வரும் வியாதி தொடர்ந்தது. மற்றவர்கள் தப்பினார்கள். கப்பலும் ஒன்று, கிருமியும் ஒன்று. பின்னே ஏன் இந்த ஒன்பது பேர்?

1973-ல் விடை தென்பட்டது. எச்.எல்.ஏ. பி-27 என்று ஓர் அடையாளம். ரத்த குரூப் மாதிரி, தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வருவது. இது உள்ளவர்களைத்தான் இந்த மூட்டு வியாதி அதிகமாகத் தேடிப் பிடிக்கிறது என்று டாக்டர்கள் கண்டார்கள். அந்த மாலுமிகளில் ஐந்து பேரைப் பிற்பாடு தேடிப் பிடித்துச் சோதித்தபோது, நால்வருக்கு அந்த அடையாளம் இருந்தது!

வேடிக்கை என்னவென்றால், வீங்கிய மூட்டின் நீரைச் சோதித்தால் உயிருள்ள கிருமி வளர்வதில்லை. திருடன் போன பிறகு காவல்காரன் வீட்டுக்காரரையே அடிக்கிற கதைதான்.

உடனே, "எங்கள் வம்சத்தில் கிடையாது, உன் பிறந்தகத்துச் சீதனம்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பி-27 உள்ளவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் சௌக்கியமாகவே இருக்கிறார்கள். அது இல்லாதவர்களுக்கும் இந்த வியாதி வருவதுண்டு. ஜாதகத்தோடு இதையும் கேட்கத் தொடங்கினால் நான் பொறுப்பல்ல!

பேதிக்குப் பின் ஒன்று முதல் நாலு வாரத்துக்குள் முழங்காலோ கணுக்காலோ வீங்கினால், டாக்டரிடம் மூட்டைக் காட்டுவதோடு பேதி கண்டதையும் சொல்லுங்கள். அநேகருக்குச் சில மாதங்களில், அதிகம் போனால் ஒரு வருஷத்தில், சரியாகிவிடும். சிலருக்கு நீடிப்பதும் உண்டு. ஒரே மூட்டு கொதித்துக் கடும் ஜுரமும் இருந்தால் மட்டும் வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அங்கே கிருமியே உள்ளே புகுந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசினாலும் அப்படித்தான். தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூ வைப்பது எல்லாம் அதற்கு உதவாது.